சூது எந்தப் பாலில் இருக்கிறது?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. இங்கே அனைவரும் நலம்; மழைதான் விட்டபாடில்லை. உங்கள் தங்கை மகன் கைப்பேசியில் ரம்மி ஆடிச் சம்பளத்தைத் தொலைத்த செய்தி வருத்தம் தந்தது. கோயிலுக்கும் போகாத, சாத்திரத்தையும் நம்பாத உங்களுக்குச் சூது தவறு என்ற எண்ணம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று கடைசியில் கேட்டிருந்தீர்களே, அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நூல்களிலிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நூல்களே இதில் ஒருமுகமாக இல்லை. மனு தர்மம் சூதை நாட்டில் இல்லாமல் செய்யும்படி அரசனுக்குச் சொல்கிறது. அர்த்தசாஸ்திரம் எழுதிய கௌடில்யரோ அதற்கென ஓர் அதிகாரியை அமர்த்தி, வென்றவரிடம் நூற்றுக்கு ஐந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். வடக்கே தீபாவளி இரவில் சீட்டாடுவது மங்கலம் என்பார்கள். நம் பக்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கத் தாயக்கட்டை உருட்டுவதை எந்தப் பாட்டியும் பாவம் என்றதில்லை, காசு வைக்காத வரையில்.

வள்ளுவர் செய்திருப்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. கள்ளாமையை அறத்துப்பாலில் வைத்தவர், சூதைப் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்தார். திருட்டு முதற்செயலிலேயே குற்றம். சூது அப்படியன்று, நோயைப்போல் வளர்வது என்று அவர் கருதியிருக்க வேண்டும். 'பொருள்கெடுத்துப் பொய்மேற் கொளீஇ அருள்கெடுத்து' என்று அவர் அடுக்கும் வரிசையைப் பாருங்கள்: பணத்தில் தொடங்கி, பொய்யில் இறங்கி, வீட்டாரிடம் இருக்க வேண்டிய இரக்கம் வற்றும் இடத்தில்தான் அது அறத்தின் எல்லைக்குள் வருகிறது.

சட்டத்திலிருந்து வந்ததா என்றால், அதுவும் இல்லை. 1968இல் நம் அரசே பரிசுச்சீட்டு விற்றது; 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று அதற்கு ஒரு வாசகமும் இருந்தது. 2003இல் அரசே தடையும் விதித்தது. பரிசுச்சீட்டு விற்ற அந்தக் காலத்தில் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் வேலை பார்த்தவரை உங்களுக்கும் நினைவிருக்கும். மாலையில் முடிவுத்தாள் வந்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, பெரிய பரிசுகள் இருக்கும் மேற்பக்கத்தைப் பார்க்காமல், கடைசி இலக்கத்துக்கு விழும் சிறு பரிசு வரிசையில்தான் முதலில் விரலை வைப்பார். ஒரு சனிக்கிழமை அவர் மனைவி கடைக்கு வந்து, வாரக்கூலியைத் தம் கையில் தரும்படி முதலாளியிடம் கேட்டார். முதலாளி ஒன்றும் பேசாமல் கல்லாவைத் திறந்து கொடுத்தார். கணவர் கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டே இருந்தார். சீட்டு வாங்குவது அன்று சட்டப்படி குற்றமில்லை, அந்தப் பெண் குறள் படித்தவரும் அல்லர். ஆயினும் எது தவறு என்பதில் அங்கிருந்த மூவருக்கும் ஐயமில்லை. இழப்பைச் சுமக்கிறவர்களிடமிருந்துதான் இந்த எண்ணம் பிறக்கிறது என்றும், நூலும் சட்டமும் அதைப் பிறகு எழுதிக்கொள்கின்றன என்றும் நான் நினைக்கிறேன்.

ஆனால் நம் ஒழுக்க எண்ணங்கள் எல்லாமே இவ்வளவு தூய இடத்திலிருந்து வருவனவல்ல. கிளப்பில் பணம் வைத்து ஆடிய அதிகாரியைப் பொழுதுபோக்குகிறார் என்றோம். துறைமுகத்தோரம் மங்காத்தா ஆடிய சுமைக்கூலியைச் சூதாடி என்றோம். அந்த ஏளனத்தில் அறம் கொஞ்சம், சாதியும் பணமும் மிச்சம்.

திறமையா அதிர்ஷ்டமா என்று உங்கள் தங்கை மகன் வாதிட்டதாக எழுதியிருந்தீர்கள். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே கூறியது உண்மை. 1996இல் குதிரைப் பந்தயத்துக்கும் அதே பெயர் கிடைத்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த வழியிலேயே ரம்மியையும் போக்கரையும் மாநிலத் தடையிலிருந்து விலக்கியது. ஆனால் வாடகைப் பணத்தைத் திறமையாகத் தோற்றாலும் வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்கத்தான் போகிறார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமலே தடுக்கிறது. தேநீர்க்கடைப் பெண்ணின் கணக்கும் அதுதான். தடை மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. 'இழத்தொறூஉம் காதலிக்கும்' மனத்துக்கு வேறு வாசல்கள் திறந்தே இருக்கும். தங்கை மகனைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, அவர் சம்மதத்தோடு சம்பளத்தைச் சில மாதம் தங்கை கையில் சேரும்படி செய்யுங்கள்.

பங்குச் சந்தையை எங்கே வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆண்டுக்கணக்கில் நீங்கள் வைத்திருக்கும் வங்கிப் பங்குகளை நான் சூது என்று சொல்லமாட்டேன். காலையில் வாங்கி மாலைக்குள் விற்கும் உங்கள் மருமகனின் வியாபாரத்தை ரம்மிக்குப் பக்கத்தில்தான் வைப்பேன். அவர் ஒப்பமாட்டார். அவருடைய பதிலையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்