சாவா மூவாப் பேராடு

அன்பு மகன் இளங்கோவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல். போனில் பேசினால் நான்கு வார்த்தைக்குள் நான் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன், நீயும் அதற்காகவே காத்திருக்கிறாய், ஆகவே எழுதுகிறேன். நேற்று எதிர்வீட்டுப் பையன் தன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஓசூரில் யாரோ சில இளைஞர்கள் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். கண்ணாடி கையில் இல்லாததால் யார் யார் என்று நான் கூர்ந்து பார்க்கவில்லை. கீழே 'வாள் பிடித்த வம்சம்' என்று எழுதியிருந்ததை மட்டும் படித்தேன். 32 ஆண்டுகள் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

வாள் பிடித்தவர்களை உனக்கு நேரில் தெரியும். மூன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் உன்னை முன்னால் நிறுத்திக்கொண்டு, செங்கத்தைச் சுற்றிய ஊர்களில் வேடியப்பன் என்று மஞ்சள் பூசிக் கும்பிடப்படும் நடுகற்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், இடுப்பில் உறை, எடுத்து வைத்த கால், காலருகே ஒரு கெண்டி. கெண்டியை நீதான் முதலில் பார்த்தாய். "சண்டைக்குப் போறவருக்குச் சொம்பு எதுக்குப்பா?" என்று கேட்டாய். வீரனுக்குத் தாகம் எடுக்காதா என்று சொல்லிச் சிரித்தேன். அந்தப் பதில் தவறு. அது அவன் சண்டைக்குக் கொண்டு போனதன்று. செத்துக் கல்லானவனுக்குப் படைக்கிற கலம் என்று கொள்வதே பொருத்தம். உன்னிடம் அந்தச் சாவைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாளை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

கற்களில் உள்ள வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சாக்பீஸைத் தேய்த்து உனக்குப் படித்துக் காட்டினேன் (அப்படித் தேய்க்கக் கூடாது என்று பிற்பாடு ஒருவரிடம் திட்டு வாங்கினேன்). இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான் தொறு மீட்டுப் பட்டான் என்பதுதான் பெரும்பாலும் செய்தி. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். நாடு பிடிக்கப் போனவர்கள் இவர்களில் குறைவு. விடியற்காலையில் பட்டியைத் திறந்து பார்த்தபோது மாடு இல்லாமல், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடியவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். எடுத்தனூர்க் கல் உனக்கு மறந்திருக்காது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல், 1,400 ஆண்டு ஆகிறது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் கோவிவன் என்ற நாய் நிற்கிறது. திருடர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாக எழுத்து சொல்கிறது. அன்று முழுவதும் நம் வீட்டு மணியைக் கோவிவன் என்றே கூப்பிட்டாய். கையில் ஆயுதம் இல்லாமலே அது கல்லில் இடம் பிடித்திருக்கிறது.

ஆகவே வாள் பிடித்தது ஒரு வம்சம் என்று சொல்லிக்கொள்ள இடமில்லை, தம்பி. பின்னாளில் தறிக்காரர்களாக நாம் அறியும் கைக்கோளர், சோழர் கல்வெட்டுகளில் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்று படையாக நிற்கிறார்கள். வேட்டைக்குப் போகிறவனிடம் வில் இருந்தது, ஆடு மேய்ப்பவனிடம் தழை அறுக்கும் அரிவாள் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஊர்தோறும் வரி நீக்கிய நிலங்களை வரிசையாகச் சொல்லும்போது கம்மாளர் குடியிருந்த கம்மாணச்சேரியும் வருகிறது; கம்மாளன் இல்லாமல் ஊர் இல்லை, ஏர்க்கொழுவும் கத்தியும் ஒரே உலையில் அடித்தவை. கூரை இறவாணத்தில் செருகியிருந்த இரும்பு ஆயுதம் ஆவதும் ஆகாமல் இருப்பதும் எடுத்தவனுடைய அன்றைய புத்தியைப் பொறுத்தது. கேக் வெட்டுவதற்கு அடுப்படிக் கத்தி போதும். இதை யாருக்கும் குறிப்பாகச் சொல்லவில்லை. பட்டாக்கத்தியால் கேக் வெட்டியவர்கள் மீது வழக்கு என்று தினமும் பேப்பரில் வருகிறது, அதனால் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் சண்டையில் செத்தவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அதன் பெயர் உதிரப்பட்டி. உதிரம் என்றால் இரத்தம். அந்த நிலத்தில் நாற்று நட்டவள் அந்தப் பெயரைச் சொல்லித்தானே அதை அடையாளம் காட்டியிருப்பாள் என்று நினைத்துப் பார்.

உனக்கு நான் சொல்லாமல் விட்டது இன்னொன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் தவறிச் செய்த கொலைகள் பல வருகின்றன. வேட்டைக்குப் போன இடத்தில் விலங்குக்கு விட்ட அம்பு மனிதன் மேல் பட்டுவிடும். அல்லது வாய்ச்சண்டை முற்றிக் கை ஓங்கி, ஓங்கிய கை நிற்காமல் போய்விடும். ஊராரும் நாட்டாரும் கூடிப் பேசி, இவன் வேண்டுமென்று கொல்லவில்லை, இதற்காக இவன் சாக வேண்டாம், செத்தவன் பேரில் கோயிலில் விளக்கு எரிக்கட்டும் என்று தீர்ப்பார்கள். கேட்பதற்கு இலேசாக இருக்கிறது அல்லவா? கணக்கைப் பார். தஞ்சைக் கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். ஆடுகளை மன்றாடிகள் என்ற இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். கிழடு கழிந்து குட்டி சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். செத்த மனிதன் திரும்ப வரமாட்டான். அவனுக்காக விட்ட ஆடு மட்டும் சாகவும் கூடாது, மூப்படையவும் கூடாது. சந்திராதித்தர் உள்ளவரை, ஒரு கணத்தில் கை தவறியதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு.

கல்லை வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். விளக்கை ஒரு வகுப்புக்கும் சொன்னதில்லை. மணி அடிப்பதற்குள் பாடத்தை முடிக்க வேண்டும் என்பதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டேன்.

உண்மைக் காரணம் கிணற்றுமேட்டு வரப்புத் தகராறு. நீ அப்போது நான்காம் வகுப்பு. வாய்ப்பாட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாய். சித்தப்பா ஒரு சொல் சொன்னார். அது என்ன சொல் என்று இன்று எனக்கு நினைவில்லை, வேடிக்கை என்னவென்றால் அவருக்கும் நினைவில்லை. இறவாணத்திலிருந்து அரிவாளை உருவியது மட்டும் நினைவிருக்கிறது, பூண் தளர்ந்து பிடி ஆடியதும் நினைவிருக்கிறது. பிடி ஆடியதால்தான் வெட்டு தோளுக்குப் போகாமல் முழங்கைக்குக் கீழே இறங்கியது. தென்னை மட்டை வெட்டும்போது பட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சித்தப்பாவே சொன்னார். ஊரிலும் அதையே சொன்னோம். உன்னிடமும் அதையே சொன்னேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாய் என்று தெரிந்தே சொன்னேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் பள்ளி ஆண்டு விழாவில் நடுகல் வீரர்களைப் பற்றி நான் பேசியதற்குக் கை தட்டினார்கள். 96 ஆட்டில் ஓர் ஆடு கூட நான் விட்டதில்லை, இளங்கோ.

உன்னைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு ஓவர்டைம் பார்த்து நீ அனுப்பிய பணத்தை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு வராததை யாரிடமும் சொல்லவில்லை. ஷிப்டு முடிந்தால் நேரே அறைக்குப் போ. கேக் வெட்ட அடுப்படிக் கத்தி போதும். அறையில் கத்தி இல்லையென்றால் அம்மா ஒன்று தந்து அனுப்புவாள். நீ படத்தில் பிடித்திருந்ததும் பூண் தளர்ந்ததாகத்தான் தெரிந்தது. கண்ணாடி கையில் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை அடித்துவிடவில்லை, இருக்கட்டும்.

சித்தப்பா முந்தாநாள் வந்திருந்தார். காப்பி டம்ளரை இடது கையால்தான் வாங்கினார், நான் நியூஸ் பார்ப்பது போல டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். தை பத்தாம் தேதி அவர் பேத்திக்குக் காது குத்து. உன் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார். முந்தின நாள் இரவு பஸ்ஸிலேயே வந்துவிடு. இந்தக் கடிதம் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

இப்படிக்கு,
அப்பா