எல்லா மறதியும் ஒரே நோயில்லை

ஆசிரியருக்கு,

வயதானவர் தடுமாறினால் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று கதையை முடித்துவிடுகிறோம். எங்கள் அம்மம்மாவுக்கு ஒருவர் பெயரும் மறக்கவில்லை. ஆனால் பொழுதுபட்டால் வேப்பமரத்தடியில் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள், தேத்தண்ணி கொடு என்பார். பேய் என்று நூலும் கட்டினோம், வேறென்ன செய்ய!

பிறகுதான் அது மூளைத் திறன் குறையும் டிமென்ஷியா நோயின் 'லூயி உடல்' வகை என்று தெரிந்தது. அதில் ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதம் நரம்புக் கலங்களுக்குள் உருண்டையாகத் திரள்கிறது. 1906இல் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துக்காட்டிய நோய் வேறு: கலங்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதப் படிவு, உள்ளே டௌ புரதச் சிக்கல். அதில் நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி ஆரம்பத்திலேயே சுருங்கும். பிரஷர், சீனி உள்ளவர்களுக்குச் சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டு மூளை இழையம் அங்கங்கே செத்துப்போய்த் தடுமாற்றம் வருவதும் உண்டு. சிலரின் மூளையில் இவை கலந்தே இருக்கும்.

வகை தெரியாவிட்டால் என்ன என்று கேட்கலாம். லூயி உடல் வகைக்காரருக்கு இல்லாத காட்சிகளை அடக்கவென்று ஹாலோபெரிடோல் போன்ற மருந்து கொடுத்தால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறவர்கள் மறதியை மட்டுமல்ல, மரத்தடிப் பிள்ளைகளையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வாசகி,
உவர்மலை, திருகோணமலை