கதவின் பாதுகாப்புச் சுவிட்சைக் கழற்றிவிட்டுத் 'தீர்க்கப்பட்டது' என்று முடிக்கப்பட்ட புகார் குறித்து

அனுப்புநர்:
28 லிட்டர் கன்வெக்ஷன் மைக்ரோவேவ் ஓவன் வாங்கிய வாடிக்கையாளர்,
தஞ்சாவூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தலைமை அலுவலகம்.

பொருள்: பாதுகாப்பற்ற நிலையில் விடப்பட்ட ஓவனை மாற்றித் தருமாறும், உங்கள் சேவைப் பிரிவின் நடத்தை குறித்து விசாரிக்குமாறும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும், செயலியிலும், வாட்ஸப்பிலும், திருச்சி சேவை மையத்தின் வாசலிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பிறகு, இனி எழுத்தில் மட்டுமே உங்களோடு பேசுவது என்று முடிவு செய்து இக்கடிதத்தை எழுதுகிறேன். சென்ற தீபாவளிக்கு முன் உங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் நான் வாங்கிய ஓவன், இப்போது பிளக் பிடுங்கப்பட்டு, யாரும் திறக்காதபடி கதவின் குறுக்கே டேப் ஒட்டப்பட்டு, சமையல் மேடையின் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. உங்கள் கணினியில் மட்டும் அது நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. புகார் தீர்க்கப்பட்டது என்ற குறுஞ்செய்தியும், சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தருமாறு வேண்டுகோளும் எனக்குத் தவறாமல் வருகின்றன.

குறை இன்னதென்று நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. உங்கள் பொருளை நீங்கள் அறிவீர்கள். கதவு கீல் பக்கம் சற்றுத் தொய்ந்துவிட்டது. மூடும்போது கையால் லேசாகத் தூக்கிக் கொடுத்தால்தான் கொக்கி உள்ளே சரியாக விழுகிறது. தூக்காமல் மூடினாலோ, ஓடும்போது நிறுத்தாமல் திறந்தாலோ, 'டப்' என்று ஓர் ஓசை கேட்கிறது. விளக்கும் திரையும் ஒருசேர அணைந்து ஓவன் செத்துவிடுகிறது. உள்ளே ஃபியூஸ் போயிருக்கும். இதற்காக வந்த உங்கள் டெக்னீஷியன்கள் ஒவ்வொருவரும் புதிய ஃபியூஸைப் போட்டார்கள், "உங்க ஏரியாவுல வோல்டேஜ் சரியில்ல" என்றார்கள், விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போனார்கள். வாரண்டி இருக்கும்போது பணம் எதற்கு என்று கேட்டால், ஃபியூஸ் வாரண்டியில் வராதாம்.

அவர்கள் சொல்லையும் மதித்து, எங்கள் எலக்ட்ரீஷியனை அழைத்து 16 ஆம்பியர் சாக்கெட்டையும், அதற்கென்றே போட்டிருக்கும் எம்.சி.பி. என்ற தானியங்கி மின்துண்டிப்பானையும், எர்த் இணைப்பையும் சோதிக்கச் செய்தேன். எதிலும் குறையில்லை. அதே வீட்டில் அதே மின்சாரத்தில் ஓடும் ஃபிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வோல்டேஜ் ஏறி இறங்குவதுதான் காரணம் என்றால், அது ஓவன் கதவைத் திறக்கும் அந்த நொடியைப் பார்த்துப் பார்த்தா ஏறி இறங்கும்?

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள் என்பதை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. பெருமைக்காக அல்ல, உங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தில் மேற்பார்வையாளர் என்று சொல்லிக்கொண்டு பேசியவர் என்னிடம் என்ன சொன்னார் என்பது உங்களுக்கு உறைக்க வேண்டும் என்பதற்காக. கதவோடு சேர்ந்து இயங்கும் சுவிட்சுகளில் கோளாறு இருக்கலாம், அதைப் பாருங்கள் என்று நான் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்து, "மேடம், வீட்ல சார் இருந்தா ஃபோனக் குடுங்க, டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்றார். என் கணவர் நல்லவர், வரலாறு படித்தவர், ஓவனில் எந்தப் பொத்தான் எதற்கென்று இன்றுவரை என்னைத்தான் கேட்கிறார். அழைப்புகள் தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்களே ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பதிவை எடுத்து உங்கள் நிர்வாக இயக்குநரின் அறையில் ஒலிக்கச் செய்யுங்கள். அதன் பிறகும் அந்த மேற்பார்வையாளர் தொடர்ந்து பேசியதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது: "சமைக்கத் தெரியாம யூஸ் பண்ணா நாங்க பொறுப்பில்ல." முப்பது பேர் கொண்ட எங்கள் கூட்டுக் குடும்ப விசேஷங்களுக்குச் சமைத்த என்னிடம் இப்படி!

அவருக்குப் புரியவைக்க முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். ஓவனின் கதவுக்குப் பின்னால் வழக்கமாக மூன்று சுவிட்சுகள் இருக்கும். கதவு திறந்தவுடன், நுண்ணலைகளை உண்டாக்கும் மேக்னட்ரானுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிப்பது முதலிரண்டின் வேலை. அவை துண்டிக்கத் தவறினால், மூன்றாவதான கண்காணிப்புச் சுவிட்சு வேண்டுமென்றே குறுக்குச்சுற்றை ஏற்படுத்தி ஃபியூஸை எரித்து ஓவனை நிறுத்திவிடும். கதவு தொய்ந்து கொக்கி இடம் மாறினால் இவை மூன்றும் இயங்கும் வரிசை குலையும். குலைந்தால் ஃபியூஸ் போகும். ஆகவே ஃபியூஸ் போனதெல்லாம் உங்கள் ஓவனே தன் கதவில் குறை இருப்பதாக உங்களுக்குத் தந்த அறிவிப்பு. அதைப் படிக்கத் தெரியாதவர்களை நீங்கள் அனுப்பினீர்கள். அல்லது படித்தும் கதவை மாற்றும் செலவுக்கு அஞ்சியவர்களை அனுப்பினீர்கள்.

திருச்சிப் பயணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் வராது. கதவை மாற்றுவது வீட்டில் முடியாது, சேவை மையத்துக்குக் கொண்டு வாருங்கள் என்று உங்கள் தொலைபேசி மையம்தான் சொல்லிற்று. பள்ளியில் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒருவரால் தூக்க முடியாத அந்த ஓவனைப் பழைய போர்வையில் சுற்றி, கண்ணாடித் தட்டைத் தனியே மடியில் வைத்துக்கொண்டு, வாடகைக் காரில் சுங்கக் கட்டணமும் கட்டி, சித்திரை வெயிலில் போய் இறங்கினால், ஷட்டர் பாதி இறக்கப்பட்டிருந்தது. உணவு இடைவேளை முடியும்வரை தெருவில் நிற்க வைத்தார்கள். முடிந்த பிறகு, செயலியில் 'வாக்-இன்' என்று பதியாமல் வந்தால் பொருளை வாங்க முடியாது என்றார்கள். அங்கேயே நின்று பதிந்தேன். பதிந்தபின், கதவுப் பகுதி கையிருப்பில் இல்லை, சென்னையிலிருந்து வர வேண்டும், வந்ததும் வீட்டுக்கே ஆள் அனுப்பி மாற்றித் தருவோம் என்றார்கள். வீட்டிலேயே மாற்ற முடியும் என்றால் என்னை ஏன் திருச்சிக்கு இழுத்தடித்தீர்கள்? இதற்கு மட்டுமாவது எழுத்தில் பதில் வேண்டும். போன வழியே அதே போர்வையோடு திரும்பி வந்தோம்.

அங்கே இன்னொன்றும் நடந்தது. உள்ளே வலப்புறச் சுவரில், நுண்ணலை உள்ளே வரும் வழியை மூடியிருக்கும் மைக்கா தகட்டின் ஓரத்தில் இலேசான பழுப்பு நிறத்தைப் பார்த்த ஒருவர், "எவர்சில்வர் பாத்திரம் வச்சிருக்கீங்க, வாரண்டி கேன்சல்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். மைக்ரோவேவ் முறையில் எவர்சில்வர் வைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். வைத்திருந்தால் பாத்திர விளிம்பிலும் உட்சுவரின் பூச்சிலும் பொறி பட்ட புள்ளிகள் தெரியும். அப்படி ஒரு புள்ளியைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை. எண்ணெய்த் துளி தெறித்து ஒட்டினாலும் மைக்கா அப்படிப் பழுப்பேறும். அது மாற்றக்கூடிய ஒரு மலிவான தகடு. சூடான காற்றால் வேகவைக்கும் கன்வெக்ஷனில் உலோகத் தட்டு வைக்கலாம், இரண்டும் சேர்ந்து இயங்கும் கலப்பு முறையில் நீங்களே கொடுத்த கம்பித் தாங்கியைத்தான் வைக்க வேண்டும் என்று உங்கள் கையேடு சொல்கிறது. எந்த முறையில் எது ஆகும் என்பதை உங்கள் வாடிக்கையாளர் படித்து வைத்திருக்க, உங்கள் ஊழியருக்கு உலோகம் என்றாலே குற்றமாகப் படுகிறது.

அந்த ஓவனை நான் வைத்திருந்த விதத்தை உங்கள் ஊழியர்கள் வந்து பாடம் கற்றுக்கொள்ளலாம். பின்னாலும் மேலும் காற்றோட்டத்துக்குக் கையேட்டில் சொன்ன இடைவெளி விட்டிருக்கிறேன். ஓவன் மேல் ஒரு துணிகூடப் போட விட்டதில்லை. வாரம் ஒருமுறை கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் எலுமிச்சைத் துண்டுகளும் வைத்துச் சூடாக்கி, ஆவியில் ஊறிய கறையை ஈரத் துணியால் துடைத்து, கதவு வந்து பொருந்தும் விளிம்பில் பிசுக்கு தங்காமல் பார்த்துக்கொள்கிறேன். மைக்ரோவேவ் முறையில் வெறுமனே ஓட விட்டதில்லை. முன்சூடு கன்வெக்ஷனில் மட்டும்தான். கன்வெக்ஷனில் கேக் வேகவைத்த சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவை உள்ளே வைத்தால் உருகும் என்பதால், உட்புறம் ஆறும்வரை காத்திருப்போம். ஓவனின் மின்விசிறி நிற்கும் முன் பிளக்கைப் பிடுங்குவதில்லை. உங்கள் கையேட்டில் தமிழ் இல்லாததால், இவற்றையெல்லாம் என் மாமியாருக்காக நானே தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்கு நீங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

இனி, இக்கடிதத்தை எழுதச் செய்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். கடைசியாக வந்த டெக்னீஷியன் கதவை மாற்றவில்லை. உறையைக் கழற்றி ஏதோ செய்தார், மூடினார், "இனிமே ஃபியூஸ் போகாது மேடம்" என்றார், புகாரை முடிக்கும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு மேடையைத் துடைக்கும்போது, உப்பு ஜாடிக்குப் பின்னால் இரண்டு முனைகள் கொண்ட சிறிய சுவிட்சு ஒன்று கிடந்தது. உடனே அவரை அழைத்தேன். "அது எக்ஸ்ட்ரா சுவிட்ச்தான் மேடம், அது இல்லாட்டியும் ஓடும்" என்று கூசாமல் சொன்னார்.

ஓடும், ஐயா. அதுதான் ஆபத்து. கதவு தொய்ந்தபடியே இருக்கிறது, மற்ற இரு சுவிட்சுகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது, அவை ஒட்டிக்கொண்டால் ஓவனை நிறுத்த வேண்டிய கடைசிக் காவலைக் கழற்றி உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் நுண்ணலைகள் கதவுக் கண்ணாடியில் உள்ள உலோக வலையின் சிறு துளைகள் வழியே வெளியே வராது. திறந்த கதவு வழியே வரும். ஓவனின் வெளிப்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் கசிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உங்கள் பொறியாளர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். வந்தவர்களில் ஒருவர்கூடக் கசிவுமானியைக் கையில் கொண்டுவரவில்லை. எங்கள் மேடையின் உயரத்துக்கு ஓவன் கதவு என் மகனின் முகத்துக்கு நேரே இருக்கிறது. கண்ணின் வில்லையில் இரத்த ஓட்டம் இல்லாததால் சூடு எளிதில் தணியாது. நுண்ணலை அதிகம் பட்டால் கண்புரை வரக்கூடும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்றிரவு வீட்டில் யாரும் உறங்கவில்லை.

தெரிந்த ஒருவர் உறையைத் திறந்து பார்த்துத் தருவதாகச் சொன்னார். நான் விடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டர் உயிரைப் பறிக்கும் அளவு மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். அதோடு, முத்திரை உடைந்திருக்கிறது என்று அடுத்த காரணத்தை உங்கள் கையில் கொடுக்கவும் எனக்கு விருப்பமில்லை.

இந்த ஓராண்டில் நாங்கள் இழந்ததற்குக் கணக்கே இல்லை. என் ஊதியத்தில் பாதி விசிட்டிங் சார்ஜிலும் வாடகைக் காரிலும் கரைந்தது. மகனின் பிறந்தநாள் கேக் பாதி வெந்த நிலையில் நின்று, உறவினர் அத்தனை பேர் முன்பும் கடையில் வாங்கி வெட்ட நேர்ந்தது; எங்கள் குடும்பத்தில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. இதையெல்லாம் பணத்தால் ஈடுகட்ட முடியாது என்றாலும், பணத்தைத் தவிர வேறெதையும் மதிக்காதவர்களிடம் வேறு எதைக் கேட்பது?

மன்னிக்கவும். உங்கள் நிறுவனத்தின் பொருள்மீது நம்பிக்கை வைத்துத்தான் வாங்கினேன்; எங்கள் வீட்டு வாஷிங் மெஷினும் உங்களுடையதுதான், அதில் இதுவரை ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆகவே மரியாதையோடு கேட்கிறேன். இந்த ஓவனை இனிப் பழுதுபார்க்க ஒப்பமாட்டேன். புதியது ஒன்றை, எங்கள் வீட்டிலேயே கசிவுமானி வைத்துச் சோதித்து, அளவை எழுத்தில் கொடுத்து நிறுவித் தாருங்கள், அல்லது முழு விலையையும் திருப்பித் தாருங்கள். இதுவரை வாங்கிய விசிட்டிங் சார்ஜையும் திருச்சிப் பயணச் செலவையும் திருப்பித் தந்து, மன உளைச்சலுக்கு ரூ.1,00,000 வழங்க வேண்டும். அந்த மேற்பார்வையாளர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை மட்டும் எந்தத் தொகைக்கும் விட்டுத்தர மாட்டேன். அந்த டெக்னீஷியன் இதற்கு முன் 'சரிசெய்த' ஓவன்கள் எந்தெந்த வீடுகளில் ஓடுகின்றன என்பதையும் தேடிப் பாருங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும். செலுத்திய விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருப்பதால் அதற்குக் கட்டணமும் இல்லை. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சேவைக் குறைபாட்டோடு, அச்சட்டத்தின் தயாரிப்புப் பொறுப்பு பற்றிய பிரிவுகளையும் சேர்த்தே மனு எழுதப்படும். வழக்கறிஞர் என் பழைய மாணவர். கட்டணம் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

விலை ரசீது, வாரண்டி அட்டை, ஒவ்வொரு வருகையின் பணிச்சீட்டு, திருச்சி சேவை மைய வாசலில் எடுத்த படம், கழற்றப்பட்ட சுவிட்சின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். சுவிட்சைத் திருப்பிக் கொடுக்குமாறு உங்கள் டெக்னீஷியன் இருமுறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். அது அவரிடமோ உங்களிடமோ தரப்படாது. தேவைப்பட்டால் ஆணையத்தின் முன்தான் வைக்கப்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தஞ்சாவூர்.