பின்னாலிருந்து ஓர் இழுப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கையால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே எழுத்து எறும்பு ஊர்வது போலச் சிறுத்துவிட்டது, அதனால்தான் தட்டச்சு.

என்னைப் போலவே அண்ணனுக்கும் பார்கின்சன் நோய் என்று படித்ததும் சற்று நேரம் ஒன்றும் ஓடவில்லை. "நன்றாகத்தானே நடக்கிறார், பேலன்ஸ் டெஸ்ட் எதற்கு?" என்று கேட்டிருக்கிறாய். போன மாதம் நானும் அதே கேள்வியோடுதான் போனேன்.

உட்கார்ந்ததும் பிசியோதெரபிஸ்ட் அம்மா முதலில் கேட்டது: "போன ஒரு வருஷத்தில் எத்தனை தடவை விழுந்தீர்கள்?" விழவே இல்லை என்றேன், கூசாமல். பக்கத்தில் என் மனைவி தொண்டையைச் செருமினாள். குளியலறைக் கதவைப் பிடித்தபடி சரிந்து தரையில் உட்கார்ந்தது, செருப்பு மாட்டும்போது முழங்கால் தரையில் ஊன்றியது... எனக்கு அதெல்லாம் தடுமாற்றம். அவள் கணக்கில் மூன்று விழுகை. நினைக்காமல் உடம்பு தரைக்குப் போனாலே விழுந்ததுதானாம். இனி விழுவாரா என்பதற்கு, முன்பே விழுந்திருப்பதுதான் பெரிய அறிகுறி என்றார். என் பொய் அங்கேயே உடைந்தது.

அப்புறம் ஒரு நாற்காலி. எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும்; அவர் கையில் ஸ்டாப்வாட்ச். சுலபமாக முடித்துவிட்டு உன்னைப் போலவே "இதற்கா வந்தேன்" என்று நினைத்தேன். அடுத்தது அதே நடை, ஆனால் 100-லிருந்து மூன்று மூன்றாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே. 97, 94, 91... திரும்புகிற இடம் வந்தது. அடுத்த எண்ணைத் தேடிய கணத்தில் இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொண்டன. இடுப்புக்கு மேலே உடம்பு திரும்பிவிட்டது, கால் வரவில்லை. (என் கணக்கு எப்போதுமே அப்படித்தான் என்று நீ சிரிப்பாய்.) பழைய நடை தானாக நடந்தது, இப்போது ஒவ்வோர் அடிக்கும் மூளை காவல் நிற்கிறது. காவலாளியை வேறு வேலைக்கு அனுப்பினால் கால் நின்றுவிடுகிறது.

அடுத்து அந்த இழுப்பு. பின்னால் நின்றுகொண்டு, "தோளைப் பிடித்து இழுப்பேன், கால் பின்வைத்துச் சமாளியுங்கள், நான் பிடித்துக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இழுத்தார். முதல் தடவை லேசாக, பழக்கத்துக்கு. இரண்டாவதுதான் நிஜம். ஓரிரண்டு அடியில் நின்றுவிட்டால் குறையில்லை. நான் ஏழு அடி, குட்டிக் குட்டியாய், பின்னாலேயே ஓடி நின்றேன். 0 முதல் 4 வரை உள்ள அளவில் எனக்கு 2. பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார் என்றால் 3. வீட்டில் அண்ணனை வைத்து நீ இதை முயன்று பார்க்காதே, சொல்லிவிட்டேன்.

படுக்கவைத்தும், நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பி.பி. பார்த்தார்கள். மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். எனக்கு அதற்கு மேல் இறங்கியது. காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் கண் இருட்டுவதற்கு அதுதான் காரணம். நான் வயதின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்று முக்கியம். நான் போனது லெவோடோபா, அதாவது பார்கின்சனுக்கான மாத்திரை, போட்டு ஒரு மணி நேரம் கழித்து, அன்றைக்கு என் உடம்பின் நல்ல வேளை. அதனால் இன்னொரு நாள் மாத்திரையின் வேகம் இறங்கியபின் வரச் சொன்னார். நாற்காலி நடை அன்றைக்கு இழுத்துக்கொண்டே போனது. இழுப்பில் மட்டும் பெரிய வித்தியாசமில்லை. மாத்திரை இறுக்கத்தைத் தளர்த்துகிறது. நிலைகுலையாமல் நிற்க அந்த அளவுக்கு உதவுவதில்லை. அதற்குப் பயிற்சிதான் என்று வாரம் மூன்று நாள் வேலை வாங்குகிறார்கள்.

அண்ணன் போகும்போது ஒரு தாளில் குறித்துக் கொடு: எப்போது தடுமாறினார், மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாகியிருந்தது, திரும்பும்போதா, வாசற்படியிலா, கையில் ஏதாவது இருந்ததா. அவர் திரும்பும்போது யாரும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

மறக்காமல் அண்ணியையும் கூட்டிப் போ. விழவே இல்லை என்றுதான் அண்ணன் சொல்வார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்