நான் சொல்லாமல் விட்ட 6 டிகிரி

அன்புள்ள நண்பருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மேட்டுச் சாலையில் என்னைத் தாண்டிப் போனீர்கள். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நானும் உங்களைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தேன். பதினோரு வருஷம் நான் ஓட்டி, பிறகு உங்களுக்குக் கொடுத்த எம்ஜிபி, அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். சத்தம் கேட்டாலே தலை தானாகத் திரும்பிவிடுகிறது. நாலாவது கியரிலேயே வைத்து மிதித்தீர்கள். எஞ்சினுக்குள் யாரோ சோழி குலுக்குவதுபோல் கலகலவென்று ஒரு சத்தம். டேப்பட் சத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நாக்கிங். அதற்குப் பொறுப்பு நான்தான்.

எஞ்சினைப் பளபளவென்று கழுவி, புது பாயிண்ட் (திறக்கும்போது பொறியை எழுப்பும் தொடுமுனை) போட்டு, டைமிங் லைட் (பொறி விழும் நேரத்தில் மின்னும் விளக்கு) வாங்கி, புத்தகத்தில் உள்ளபடி 600 ஆர்பிஎம்மில், பிஸ்டன் உச்சிக்கு வர 14 டிகிரி முன்னால் பொறி விழும்படி வைத்தேன் என்று அன்று போனில் சொன்னீர்களே, அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நன்றாகச் செய்தீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் முனையில் இருக்கும் அந்தப் புல்லி ஒரே துண்டு இல்லை. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ரப்பருக்கு வயதானால் பிடி விட்டு வளையம் மெல்ல நகரும். டைமிங் வெட்டு இருப்பதோ வெளி வளையத்தில்; எஞ்சினில் நகராமல் நிற்கும் முள்ளோடு அதை ஒப்பிட்டுத்தான் டைமிங் பார்க்கிறோம். நம் வண்டியில் அது முன்பக்கமாக நகர்ந்து, பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 6 டிகிரி இருக்கும்போதே முள்ளுக்கு நேராக வந்து நிற்கிறது. நீங்கள் 14 என்று பார்த்தது உண்மையில் 20. நான் சரியான இடத்தில் வெள்ளை பெயிண்ட் வைத்து ஒரு கோடு போட்டிருந்தேன். அதைத்தான் அழுக்கு என்று நினைத்துக் கழுவியிருப்பீர்கள்.

பொறி விழுந்ததும் பெட்ரோல் மொத்தமும் அதே கணத்தில் எரிந்துவிடாது; தீ பரவ நேரம் பிடிக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி 15 டிகிரி வாக்கில் இறங்கும்போது அழுத்தம் உச்சத்துக்கு வர வேண்டும், அதற்காகத்தான் பொறியை முன்கூட்டியே விடுகிறோம். ரொம்பவும் முன்னால் விட்டால், பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் கூடி, ஓரத்தில் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. நீங்கள் கேட்ட கலகல அதுதான். நீடித்தால் ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பு உடையும்.

வெள்ளைக் கோட்டை நீங்களே திரும்பப் போடலாம். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். நாலு பிளக்கையும் எடுத்துவிடுங்கள். பழைய பிளக் ஒன்றின் உள்ளே இருக்கும் பீங்கானைத் தட்டி எடுத்து அதில் ஒரு போல்ட்டைப் பொருத்தி முதல் சிலிண்டரில் மாட்டினால், பிஸ்டன் உச்சிக்குப் போகுமுன் அதில் முட்டி நிற்கும். கிராங்கைக் கையால், மெதுவாக, முட்டும்வரை சுற்றி, முள்ளுக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி முட்டவைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரியாக நடுவில்தான் உச்சி. முட்டியபின் பலம் காட்டாதீர்கள். 14 டிகிரி எவ்வளவு தூரம் என்று தெரிய, காகிதப் பட்டையைப் புல்லியைச் சுற்றி ஒட்டி, நீளத்தை 360 ஆல் வகுத்து, 14 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அட்டவணை தேட வேண்டாம்.

போல்ட் வைத்த பிளக்கை எடுத்துவிட்டு, நாலு பிளக்கையும் பேட்டரி ஒயரையும் திரும்ப மாட்டுங்கள். பிறகு டைமிங். முதலில் பாயிண்ட் இடைவெளி, 0.35 முதல் 0.40 மி.மீ. அதை மாற்றினாலே டைமிங் மாறும்; இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், அட்வான்ஸ் ஆகும், அதாவது பொறி முன்னால் விழும். டைமிங்கை வைத்துவிட்டுப் பாயிண்ட்டைத் தொடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும் (நானும் ஒரு காலத்தில் தொட்டவன்தான்). டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுப்பது) வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிடுங்கள். ஐடிலை 600க்கு இறக்குங்கள். 900இல் வைத்துப் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து, வேகம் கூடக்கூடப் பொறியை முன்னால் தள்ளும் எடைகள் விரிய ஆரம்பித்திருக்கும், லைட் காட்டும் எண்ணில் அவற்றின் பங்கும் கலந்துவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுகிறது. அதனால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கடிகாரத் திசையில் திருப்பினால் அட்வான்ஸ், மறுபக்கம் ரிட்டார்ட், பொறி தாமதம். ரோட்டர் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும், ஆகவே அங்கே 1 டிகிரி என்றால் புல்லியில் 2. நீங்கள் 6 குறைக்க வேண்டும் என்றால் டிஸ்ட்ரிபியூட்டரில் வெறும் 3. கிளாம்ப்பைக் கொஞ்சமாகத் தளர்த்தி, விரலால் தட்டித் தட்டி நகர்த்தினால் போதும்.

14ஐயும் வேதவாக்காக எடுக்காதீர்கள். அந்த எண் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு எழுதியது. வேக்குவம் குழாய் கழற்றியபடியே எஞ்சினை ஏற்றி, லைட்டில் கோடு மேற்கொண்டு நகராமல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். 30 முதல் 34க்குள் இருந்தால் நல்லது. குழாயை மாட்டி அதே மேட்டில் ஏற்றுங்கள். சோழிச் சத்தம் மிச்சமிருந்தால் இன்னும் 1, 2 குறையுங்கள். அதற்காக ஒரேயடியாகக் குறைத்துவிட்டால் பிக்கப் செத்துப்போகும், சைலன்சர் பக்கம் சூடு ஏறும்.

ஒருமுறை நகர்ந்த வளையம் மறுபடியும் நகரும். புல்லியையே மாற்ற வேண்டும், நான்தான் இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டேன். வாங்குங்கள், பாதிச் செலவு என்னுடையது. அது வரும்வரை அந்த மேட்டில் மூன்றாவது கியருக்கு இறங்கிவிடுங்கள்.