ஓவியர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதுவரை நிம்மதியாக இருக்கலாம். மாதக் கூட்டங்கள், மழையில் தள்ளிப்போன ஒன்றைத் தவிர, ஒழுங்காக நடந்தன.

இந்த ஆண்டு உருவப்படம் பற்றியே பேசினோம். அதிக நேரம் பிடித்தது, லண்டனில் ஓவியர்கள் நடத்தும் ராயல் அகாதமியின் உறுப்பினர்களை ஜோஹன் சோஃபனி 1771-72இல் தீட்டிய படம். 1768இல் அகாதமியைத் தொடங்கியவர்களில் ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் உண்டு. படத்தில் ஆண்கள் மாடலைச் சுற்றி நிற்கிறார்கள். இந்த இருவரும் சுவரில் மாட்டிய படங்களாக இருக்கிறார்கள். ஆண் மாடல் ஆடையில்லாமல் இருக்கும் அறைக்குள் பெண்கள் வரக்கூடாதாம். புரொஜெக்டரில் காட்டியும் ஓர் உறுப்பினர் "எங்கே சார், காணோமே?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த இரு முகங்களையும் சோஃபனி அவ்வளவு மங்கலாகத்தான் தீட்டியிருக்கிறார்.

உடலைப் பார்த்து வரையாமல் புராண, வரலாற்றுக் காட்சிகள் கைக்கு வராது. அன்று பெரிய மதிப்பு அவற்றுக்குத்தான். காஃப்மன் எப்படியோ அதிலும் பெயர் வாங்கினார். மோசர் பூக்கள் வரைந்தார். அடுத்த பெண் முழு உறுப்பினராக 1936 ஆகிவிட்டது. அவர் லாரா நைட். ஆடையற்ற பெண் மாடலை வரைந்துகொண்டிருக்கும் தன்னையே 1913இல் தீட்டியவர். அதை அகாதமி அப்போது திருப்பி அனுப்பியது.

இன்றைய நிலை? 2018இல் ஓவியர் ஜெனி சாவிலின் ‘ப்ராப்ட்’ என்ற படம் ஏலத்தில் சுமார் 1.24 கோடி டாலருக்குப் போனது. உயிரோடிருக்கும் பெண் ஓவியருக்கு அன்றைய உச்சவிலை. அடுத்த மாதமே டேவிட் ஹாக்னி என்ற ஆண் ஓவியரின் படம் 9 கோடி டாலர்.

அப்புறம் பேச்சு, மாடலைப் பார்த்து வரையும் நம் வகுப்பின் பக்கம் திரும்பியது. கூட்டத்துக்கு வரும் பெண்கள் வகுப்புக்கு வருவதில்லை. "கதவு திறந்துதானே இருக்கிறது" என்றார்கள் செயற்குழுவில். திறந்துதான் இருக்கிறது, சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு! ஞாயிறு காலைக்கு மாற்றினோம். வந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் மாடலாக உட்கார்ந்த அன்று, ஒரு அம்மா வகுப்பு முடியும்வரை அவர் கைகளை மட்டுமே சார்கோலில் போட்டுப் போட்டு அழித்தார்.

ஆண்டுக் கண்காட்சியில் மட்டும் பழைய கதைதான்: படச் சட்டத்துக்குள் பெரும்பாலும் பெண்கள், கீழே கையெழுத்து பெரும்பாலும் ஆண்கள். படங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இதுவரை பெண் உறுப்பினர் இல்லை. குறைந்தது இருவரைச் சேர்க்கும் தீர்மானத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். மாடலுக்குத் தரும் தொகையை உயர்த்துவது இரண்டாவது தீர்மானம்.

நன்றி.
செயலாளர்