எந்தப் படிப்பு என்று நீ கேட்டதற்கு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "இரண்டும் நல்ல படிப்புதான்மா, உனக்குப் பிடித்ததை எடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸா, சைபர் செக்யூரிட்டியா என்று, 23 வருடம் சர்வர் அறையில் வேலை பார்த்தவனிடம் சொந்த மகள் கேட்கிறாள். அதற்கு ஒரு வரிப் பதில் போதாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் ஆசை எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். நீ ஹெல்ப் டெஸ்க் வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம், கணக்குப் பிரிவுக்கு வந்த ஒரு மெயிலில் அனுப்பியவரின் முகவரி சரியில்லை என்று கண்டுபிடித்தாய். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. அந்த மெயிலை உனக்கு முன்னால் நாலு பேர் பார்த்திருந்தார்கள். அன்று நீ பேசிய வேகம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதிலிருந்து ராத்திரி ராத்திரியாக ஹேக்கிங் புதிர்ப் போட்டிகளில் உட்கார்ந்துவிட்டாய். இது யாரோ சொல்லி வந்த ஆசை இல்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில், இரண்டு கல்லூரியும் அனுப்பிய விளம்பரத் தாள்களை ஓரமாக வை. பட்டத்தின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சைபர் செக்யூரிட்டி விஷயத்தில் சுத்தமாக முடியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பழைய படிப்பு. ஏசிஎம் என்ற கணினித் துறையினரின் சங்கம் 1968-லேயே அதற்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. அதனால் எங்கே படித்தாலும் முதுகெலும்பு ஏறக்குறைய ஒன்றுதான்: டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ், கூடவே கணிதம். சைபர் செக்யூரிட்டிப் பட்டத்துக்கு அதே சங்கம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து அப்படி ஒரு வழிகாட்டியைக் கொண்டுவந்தது 2017 கடைசியில்தான். துறை இன்னும் இறுகவில்லை. ஓரிடத்தில் அது கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைக்குள்ளேயே, எல்லா அடிப்படையோடும் நடக்கிறது. இன்னோர் இடத்தில் மேலாண்மைத் துறைக்குள், சட்டமும் தணிக்கையும் கொள்கை ஆவணங்களுமாக நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர். நாலு வருடம் கழித்து வெளியே வரும் ஆள்தான் வேறு.

சரி, நான் உன்னிடம் இதுவரை முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பள்ளியில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் நான் ஆபீசுக்கு ஓடிப்போய் நாலு நாள் வீட்டுக்கு வராமல் இருந்தேனே, நினைவிருக்கிறதா? ரான்சம்வேர். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கெட்ட நிரல். ஃபைல் சர்வரில் இருந்த அத்தனை கோப்பும் பூட்டப்பட்டு, பெயர் மாறிக் கிடந்தது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். அடுத்து, சர்வரை ரீபூட் செய்யக் கை நீட்டினேன். வெளியிலிருந்து உதவிக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதில் இளைஞராக இருந்தவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். "சார், ஆஃப் பண்ணாதீங்க. மெமரியில இருக்கிறது போயிடும்." முதலில் மெமரியை நகல் எடுத்தார், பிறகு டிஸ்க்கை. எந்த நிமிடம் யார் எதைத் தொட்டார்கள் என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார். பின்னால் வழக்கு என்று வந்தபோது அந்த நோட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. அவர் படித்தது சைபர் செக்யூரிட்டி.

அவரோடு வந்த பெண்மணிக்கு என் வயது இருக்கும். அந்தக் கெட்ட நிரலைப் பிரித்துப் போட்டு, இயந்திரக் கட்டளைகளுக்கு மிக நெருக்கமான அசெம்பிளி மொழியில் வரிவரியாக வாசித்தார். நிரல் எந்த வழியாக உள்ளே வந்தது, எந்த இடத்தில் பூட்டும் சாவியை உருவாக்குகிறது, எங்கே ஒளிக்கிறது என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த அறையில் இருந்த எல்லாக் கருவியையும் எனக்கு இயக்கத் தெரியும். அந்தத் திரையில் ஓடிய ஒரு வரியும் எனக்குப் புரியவில்லை. அவர் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். செக்யூரிட்டியை வேலைக்கு வந்த பிறகுதான் கற்றாராம்.

இரண்டு பேரும் இல்லாமல் நாங்கள் மீண்டிருக்க மாட்டோம். ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த இளைஞரின் வேலையை, அவர் பக்கத்தில் இருந்து பழகினால் நானும் ஒரு வருடத்தில் ஓரளவு செய்துவிடலாம் என்று தோன்றியது. அந்தப் பெண்மணியின் வேலையைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. அதன் பிறகு ஆப்பரேட்டிங் சிஸ்டம் புத்தகம் ஒன்று வாங்கினேன். வேலை, இரவு அழைப்பு, நீ, அம்மா என்று நாள் ஓடியது. மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்டவே இல்லை. அது என் மனதில் ஒரு குறையாகவே இருக்கிறது.

இங்கேதான் எனக்கு உன்னிடம் சொல்ல இருப்பது இருக்கிறது. யாரும் சொல்லாமலே நீ என்ன கற்பாய், பரீட்சை என்று ஒன்று இல்லாவிட்டால் எதைத் தொடவே மாட்டாய் என்று பிரித்துப் பார். புதிர்ப் போட்டி, பாஸ்வேர்டு உடைப்பு, நெட்வொர்க்கில் ஓடும் தரவுப் பாக்கெட்டைப் பிடித்துப் பார்ப்பது, இதையெல்லாம் நீ ஏற்கனவே தூக்கம் கெட்டுச் செய்கிறாய். கல்லூரி இல்லாவிட்டாலும் செய்வாய். எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எப்படி வேலை செய்கிறது, மெமரியை ஆப்பரேட்டிங் சிஸ்டம் எப்படிப் பங்குபோடுகிறது, ஒரு அல்காரிதம் சரி என்று எப்படி நிறுவுவது, இதையெல்லாம் ஒரு ஆசிரியரும் தேதியும் மதிப்பெண்ணும் இல்லாமல் நீ உட்கார்ந்து படிப்பாயா? நான் படிக்கவில்லை. அப்படித் தனியாகப் படித்து முடித்தவர்களை மிகக் கொஞ்சம்தான் பார்த்திருக்கிறேன். நாலு வருடக் கல்லூரியை அந்த இரண்டாவது பட்டியலுக்குச் செலவு செய் என்பதுதான் என் எண்ணம்.

அது ஏன் செக்யூரிட்டிக்கே தேவை என்று கேட்பாய். 1988 நவம்பரில் மோரிஸ் வார்ம் என்ற நிரல் அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான இயந்திரங்களுக்குள் புகுந்தது. அது புகுந்த வழிகளில் ஒன்று, வரும் எழுத்துகளின் நீளத்தைச் சரிபார்க்காத, சி மொழியில் எழுதிய ஒரு நிரல். 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில், எதிராளி "நான் அனுப்பியது இவ்வளவு நீளம்" என்று சொன்னதை அப்படியே நம்பியது அந்தக் குறிமுறை. ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் மெமரி வெளியே கசிந்தது. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்களை முடக்கியது. பாதுகாப்புக்காகப் போட்ட மென்பொருளே, 20 மதிப்புகள் மட்டும் இருந்த இடத்தில் 21-ஆவதைப் படிக்கப் போனது. முதலாவதற்கும் கடைசிக்கும் நடுவே கிட்டத்தட்ட 36 வருடம். எல்லாம் ஒரே குடும்பத்துப் பிழை: எல்லை எங்கே என்று பார்க்காமல் மெமரியைத் தொடுவது. சி மொழியில் உன் கையால் அதே தப்பைச் செய்து, நிரல் செத்து விழுந்து, ஒரு ராத்திரி முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தால்தான் இது உடம்பில் ஏறும். கருவி காட்டும் சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்து ஏறாது.

2024 மார்ச்சில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்த கதை. எக்ஸ்இசட் என்ற, லினக்ஸ் இயந்திரங்களில் எங்கும் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன நிரல் நூலகத்தில் யாரோ ரகசியக் கதவு வைத்துவிட்டார்கள். அதற்காகவே இரண்டு வருடத்துக்கும் மேலாக அந்தத் திட்டத்தில் நல்லபடியாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்திருந்த ஆள். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேலை செய்பவர். ரிமோட் லாகின் வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் எடுக்கிறதே என்று அவருக்கு உறுத்தியது. விடாமல் தோண்டினார். தான் செக்யூரிட்டி ஆய்வாளர் இல்லை என்று, கண்டுபிடித்ததை வெளியிட்ட அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார். ஒரு இயந்திரம் சாதாரணமாக எப்படி நடந்துகொள்ளும் என்று அவ்வளவு நன்றாகத் தெரிந்ததால்தான் அந்த அரை வினாடி அவர் கண்ணில் பட்டது. நீ அந்த 'ஆர்', 'என்' எழுத்துகளைப் பார்த்தது எனக்கு இதைத்தான் நினைவுபடுத்துகிறது. உனக்கு அந்தக் கண் இருக்கிறது. அதற்கு அடியில் அறிவை வை என்கிறேன்.

ஆனால் எதிர்ப்பக்கத்தை மறைத்தால் நான் நியாயமானவன் இல்லை. 2017 மே மாதம் வானாகிரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே உலுக்கியதே, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே பேட்ச், அதாவது திருத்தம், கொடுத்துவிட்டது. பல இடங்களில் இரண்டு மாதம் அதைப் போடாமல் விட்டார்கள். அங்கே அல்காரிதம் தெரிந்து பயனில்லை. நம்மிடம் எத்தனை இயந்திரம் இருக்கிறது, எது பழசு, எதை எப்போது நிறுத்திப் புதுப்பிப்பது, நிர்வாகத்தை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. ரிஸ்க், தணிக்கை, சட்டம், தடயவியல், இதெல்லாம் சைபர் செக்யூரிட்டிப் படிப்பில்தான் முறையாகக் கிடைக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸில் செக்யூரிட்டி பெரும்பாலும் விருப்பப் பாடம். எடுக்காமலே பட்டம் வாங்கிவிடலாம், நிறையப் பேர் வாங்குகிறார்கள். உன் மனம் நிஜமாகவே மனிதர்கள், விதிகள், விசாரணை என்ற பக்கம் போகிறது என்றால் நான் இதுவரை எழுதியதை நீ ஒதுக்கிவிடலாம். வருத்தப்பட மாட்டேன்.

இன்னொன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். நீ சைபர் செக்யூரிட்டிப் பக்கம் சாய்வதில் கணக்குப் பயம் கொஞ்சம் இருக்கிறதா? நேற்று "அதுல மேத்ஸ் கம்மிப்பா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். பதினொன்றாம் வகுப்பில் அந்த ஒரு பரீட்சை எப்படிப் போனது, அதற்கப்புறம் எத்தனை நாள் நீ யாரிடமும் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். அன்று நான் உன்னோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஷிஃப்டில் இருந்தேன். அந்தக் காயம் இன்னும் உனக்காக முடிவெடுக்கிறது என்றால் எனக்குத் தாங்காது. அப்புறம், நல்ல கிரிப்டோகிராஃபி, அதாவது மறையாக்கவியல், பாடத்தில் கணக்கு எங்கேயும் குறையாது. ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறை பகா எண்களின் மேல் நிற்கிறது. குவாண்டம் கணினியைத் தாங்குவதற்காக 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட புதிய மறையாக்கத் தரங்களில் முக்கியமானவை லீனியர் ஆல்ஜீப்ராவின் மேல் நிற்கின்றன. கணக்கு குறைவு என்று ஒரு கல்லூரி சொன்னால், அந்தப் பாடத்தை மேலோட்டமாக நடத்துகிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

வேலையைப் பற்றி அதிகம் எழுதவில்லை. படித்து முடித்ததும் கிடைக்கும் முதல் செக்யூரிட்டி வேலை பெரும்பாலும் கண்காணிப்பு மையத்தில் இருக்கும். ஷிஃப்ட் மாறி மாறி வரும். எச்சரிக்கைகள் கொட்டிக்கொண்டே இருக்கும், அதில் பெரும்பாலானவை வெறும் பொய் எச்சரிக்கைகள். அதற்கு மேலே உள்ள பதவிகளுக்கு அனுபவம் கேட்பார்கள். உன் ஹெல்ப் டெஸ்க் வருடம் அங்கே நிச்சயம் உதவும், அதைக் குறைவாக நினைக்காதே. சான்றிதழ்களை இப்போது யோசிக்காதே. சிஐஎஸ்எஸ்பி என்ற செக்யூரிட்டிச் சான்றிதழுக்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும், பட்டம் இருந்தால் ஒரு வருடம் கழித்துக்கொள்ளலாம். ஊடுருவிச் சோதிக்கும் வேலைக்கான ஓஎஸ்சிபி கிட்டத்தட்ட 24 மணி நேரச் செய்முறைத் தேர்வு. எந்தப் பட்டம் எடுத்தாலும் இவற்றைப் பிறகு எழுதலாம். அதனால், பாடத்திட்டம் முழுக்கச் சான்றிதழ்ப் பயிற்சியாக இருக்கும் கல்லூரியை மட்டும் தள்ளிவிடு.

நான் சாய்வது கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம்தான். அதில் செக்யூரிட்டி விருப்பப் பாடங்கள் அத்தனையையும் எடுத்துக்கொள். ஆனால் அந்தச் சைபர் செக்யூரிட்டிக் கல்லூரியின் பட்டியலில் சி மொழி, ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கணிதத்தோடு கூடிய கிரிப்டோகிராஃபி நாலும் இருந்தால், நான் சாய்வதற்குக் காரணமே இல்லை. சந்தோஷமாக அங்கேயே போ.

முன்பணம் கட்ட 18-ஆம் தேதி கடைசி என்று அந்தக் கல்லூரிக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்றாய். அதற்குள் ஒரு மெயில் போட்டுவிடு. இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடங்களின் முழு விவரம் கேள். மாணவர்கள் தாக்கிப் பார்க்கவென்றே தனியாக ஒரு ஆய்வக நெட்வொர்க் இருக்கிறதா என்று கேள். கிரிப்டோகிராஃபி யார் எடுக்கிறார்கள், அவர் எதில் ஆய்வு செய்கிறார் என்றும் கேள். முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், போன செமஸ்டரில் சொந்தமாக எழுதிய மிகப் பெரிய நிரல் என்ன என்று விசாரி. என்ன பதில் வந்தாலும் அப்படியே எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிஃப்ட் இல்லை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்போம். கணக்குப் பாடங்களிலிருந்து தொடங்குவோம், இந்தத் தடவை நான் கூட இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா